லேசர் வாங்குறதுக்கு முன்னுக்கு அம்மிக்கல்ல தேடுங்க

நான் இலங்கையில ஹட்டன் பக்கம் போட்டோக்கொப்பி மெஷின், பிரிண்டர் திருத்துற ஆளுங்க. ஒரு மெஷின் இனி ஓடாதுன்னு முடிவாயிட்டா அதுக்குள்ள இருக்கிற கண்ணாடி, லென்ஸ், ஸ்பிரிங்னு எல்லாத்தையும் கழட்டி பிஸ்கட் டின்னுல போட்டு வச்சிருவேன், அதுக்காக வீட்ல ஏச்சு வாங்காத நாளே இல்ல. அந்த டின்னுல இருந்து வந்ததுதான் இப்ப சொல்லப்போற மூணு கருவியும். தலைமுடி தடிப்ப அளக்குறது ஒன்னு, செவுத்து வெடிப்பு விரியுதான்னு பார்க்கிறது ஒன்னு, மில்லிமீட்டர்ல மூவாயிரத்துல ஒரு பங்கு அசைஞ்சாலே காட்டிக் குடுக்குறது ஒன்னு. டியூஷன் போற பொடியங்க ரெண்டு மூணு பேர் "அண்ணே எங்க இருந்து ஆரம்பிக்கிறது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் ஒரேயடியா எழுதிருவோம்னு உக்காந்தேன்.

எல்லாரும் கேக்குற மொதல் கேள்வி எந்த லேசர் வாங்குறதுன்னுதான். அது கடைசியா கேக்க வேண்டிய கேள்விங்க. உலகத்துல லேசர் வந்தது 1960ல, ஆனா மைக்கெல்சன்னு ஒருத்தர் 1881லயே லேசர் இல்லாம ஒளி அலைய வச்சு அளந்துட்டாரு. அவரோட தொல்லை வெளிச்சம் இல்ல, ஆட்டம். மொதல்ல பெர்லின்ல வச்சுப் பார்த்தாரு, ஒளி அலை ரெண்டு சேர்ந்து விழுற வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் ரோட்டு வண்டி அதிர்வுக்கு ராத்திரியில கூட நிக்கல. அப்பறம் போட்ஸ்டாம்ல ஒரு வானியல் கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனாரு, அங்கயும் நூறு மீட்டர் தள்ளி ஒருத்தர் காலத் தட்டினா கோடெல்லாம் மறைஞ்சிருச்சாம், அவரே எழுதி வச்சிருக்காரு. 1887ல மோர்லின்னு இன்னொரு விஞ்ஞானியோட சேர்ந்து பண்ணும்போது பெரிய கல்லு ஒன்ன பாதரசத்துல மிதக்க விட்டு அதுக்கு மேல கண்ணாடிகள வச்சாங்க. அதனால சொல்றேன், நம்ம செய்யப்போறது அசையாம நிக்கிற ஒரு சாமான், லேசர் அதுக்கு மேல சும்மா உக்காந்திருக்கும், அவ்வளவுதான்.

கண்ணு விஷயத்த இப்பவே சொல்லிடுறேன், அப்பறம் மறந்திருவேன். 1 மில்லிவோட்டுக்குக் குறைஞ்ச செவப்பு லேசர் போதும், மேல "வகுப்பு 2"ன்னு எழுதி இருக்கும், ஆனா மலிவு சாமான்ல எழுதுறதெல்லாம் சத்தியம் இல்ல, அதனால எந்த லேசரையும் கண்ணுக்கு நேரா வரவிடாதீங்க, கண்ணாடியில பட்டுத் திரும்பி வர்றதும் அதே லேசர்தான். மேசை மேல ஒளி போற உயரத்துக்குக் கண்ண எறக்காதீங்க. மலிவு பச்சை லேசர் வேணாம், அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒன்னு வேல செஞ்சுதான் பச்சை வருது, வடிகட்டி இல்லாத சாமான்ல அந்தத் தெரியாத ஒளியும் சேர்ந்து வெளிய வரும். டிவிடி ரைட்டர் லேசர், பிரிண்டர் லேசர் ரெண்டையும் தொடவே தொடாதீங்க. பிரிண்டர் லேசர் அனேகமா அகச்சிவப்பு, மூடி கழட்டினா உள்ள இருக்கிறது ஆபத்தான வகுப்பு, கண்ணுல பட்டது தெரியிறதுக்கு முன்னுக்கே கண்ணு போயிரும். நான் அந்த யூனிட்ல கண்ணாடிய மட்டும் எடுத்துட்டு லேசர் இருக்கிற சர்க்கிட் போர்ட ஒடச்சிருவேன். வீதியில வர்ற வண்டிக்கும் ரயிலுக்கும் லேசர் அடிக்கிற வேலையும் வேணாம், நம்ம வளைவுகள்ல டிரைவருக்கு ஒரு செக்கன் கண்ணு கூசினா போதும்.

இனி சாமான். பழைய ஸ்கேனர், போட்டோக்கொப்பி மெஷினுக்குள்ள நீட்டு நீட்டா கண்ணாடித் துண்டு இருக்கும், அது தங்கம் மாதிரி, ஏன்னா அதுல பளபளக்குற பூச்சு முன்பக்கத்துல இருக்கு. நம்ம தலை சீவுற கண்ணாடியில பூச்சு பின்னுக்கு, அதனால லேசர் பட்டா ரெண்டு மூணு புள்ளி விழும். சோதிக்கிறது லேசு, கண்ணாடி ஓரத்துல பேனா முனைய மெதுவாக் கொண்டு போங்க, முனையும் கண்ணாடியில தெரியிற அதோட உருவமும் ஒட்டிக்கிட்டா முன்பூச்சு, நடுவுல இடைவெளி இருந்தா சாதாரணக் கண்ணாடி. துணியால தொடைக்காதீங்க, பூச்சு கீறிடும், ஊதி விட்டா போதும். பிரிசம் வேணும்னா உடைஞ்ச பைனாகுலர் பாருங்க, பழைய மாடல்ல பக்கத்துக்கு ரெண்டா நாலு பிரிசம் இருக்கும். கண்ணாடிக்குள்ள ஒளி 42 பாகைக்கு மேல சாஞ்சு பட்டா வெளிய போகாம முழுசாத் திரும்பிடும், பிரிசத்துல அது 45ல படுது, அதனால பூச்சே தேவைப்படாது. நம்ம ஊரு ஈரத்துல பூச்சு கறுத்துப்போறத எத்தன மெஷின்ல பார்த்திருக்கேன், பிரிசத்துக்கு அந்தப் பயம் இல்ல, ஆனா பூஞ்சணம் பிடிக்கும், அதுக்குத் தனியா ஒரு டின்ல சிலிக்கா ஜெல் பக்கெட் போட்டு மூடி வைங்க, சப்பாத்துப் பெட்டியில வர்ற பக்கெட்டே போதும். மிச்சமெல்லாம் ஹார்ட்வெயார் கடை சாமான்தான், எம்3 ஸ்க்ரூ, அதாவது 3 மில்லிமீட்டர் தடிப்பு ஸ்க்ரூ, சைக்கிள் பேரிங் குண்டு, ரெண்டு டியூப் அரல்டைட் பசை. லேசர் மொடியூல் கொழும்பு போறவங்க யார்கிட்டயாவது சொல்லிவிட்டா புறக்கோட்டையில வாங்கி வருவாங்க. பட்டன் பெட்டரியில ஓட்டாதீங்க, வெளிச்சம் எறங்கிக்கிட்டே போகும், பென்டோர்ச் பெட்டரி மூணு போட்டு ஓட்டுங்க.

மூணு கால்

நாலு கால் மேசை ஆடும், மூணு கால் முக்காலி ஆடாது, இத சின்னப் புள்ளைக்கே தெரியும். கருவி செய்யிறதுல பாதி இந்த ஒரு விஷயம்தான். ஒரு தகட்டுக்கு அடியில மூணு பேரிங் குண்டு ஒட்டுங்க. அது உக்கார்ற எடத்துல ஒரு குண்டுக்குக் குழி, ஒரு குண்டுக்கு நீட்டுப் பள்ளம், மூணாவதுக்குச் சும்மா மட்டமான தளம். குழி ஒன்னப் பிடிச்சு நிறுத்துது, பள்ளம் திரும்ப விடாது, தளம் மேல கீழ மட்டும் தாங்குது. தூக்கிட்டுத் திரும்ப வச்சா முன்ன இருந்த அதே எடத்துலதான் உக்காரும், கெல்வின் பிரபுன்னு ஒரு விஞ்ஞானி பேரச் சொல்லித்தான் இத இன்னைக்கும் கூப்பிடுறாங்க. மூணு எடத்துலயும் குழி தோண்டினா கெட்டுச்சு, குண்டு எந்தக் குழியில உக்கார்றதுன்னு சண்ட போடும். நான் மொதல்ல செஞ்சது அப்பிடித்தான், ரெண்டு நாள் லேசர ஏசிக்கிட்டு இருந்தேன்.

கண்ணாடிய சரிக்க வேணும்னா குழிக்கு மேல குண்ட அப்பிடியே விட்டுட்டு மத்த ரெண்டு எடத்துல எம்3 ஸ்க்ரூ போடுங்க, ஒரு ஸ்பிரிங்கால இழுத்துப் பிடிங்க. எம்3 ஒரு சுத்துக்கு அரை மில்லிமீட்டர் நகரும். ஸ்க்ரூ 5 சென்ரிமீட்டர் தள்ளி இருந்தா ஒரு சுத்துக்குக் கண்ணாடி அரைப் பாகைக்குக் கொஞ்சம் கூட சாயும். அது அதிகம்தான், அதனால ஸ்க்ரூ தலையில ஐஸ்கிரீம் குச்சி ஒன்ன ஒட்டிக்கோங்க, குச்சி நுனியத் தட்டித் தட்டி நகர்த்தலாம்.

மொதல் கருவி

ஒரு சின்ன தகட்டுல மூணு கால், முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ஒன்னு, முன்கால் கோட்டுக்கும் பின்காலுக்கும் நடுவுல சரியா 20 மில்லிமீட்டர். தகட்டுக்கு மேல கண்ணாடித் துண்டு நிமிர்ந்து நிக்கணும். லேசர் அதுல பட்டு எதிர்ச் செவுத்துக்குப் போகட்டும். பின்காலுக்கு அடியில ஏதாவது ஒன்ன வச்சா தகடு சாயும், கண்ணாடி எவ்வளவு சாயுதோ ஒளி அதுல ரெண்டு மடங்கு திரும்பும், செவுரு தூரமா இருக்க இருக்க புள்ளி நிறையத் தள்ளிப்போகும். நம்ம லயத்துக் காம்பரா, அதான் தோட்டத்து வரிசை வீட்டு அறை, பத்துக்குப் பன்னெண்டு அடிதானே, அதுல தாராளமா 3 மீட்டர் கிடைக்கும். 3000 மில்லிமீட்டர ரெண்டால பெருக்கி 20ஆல வகுத்தா 300. செவுத்துல புள்ளி 1 மில்லிமீட்டர் நகர்ந்தா காலுக்கு அடியில மில்லிமீட்டர்ல முந்நூறுல ஒரு பங்கு. வேற ஒன்னும் இல்ல, கணக்கு அவ்வளவுதான்.

கணக்க நம்பிக்கிட்டு இருக்காம சரிபார்க்கணும். ஏ4 பேப்பர் கட்டு ஒன்ன எடுங்க, 500 தாள், அடிமட்டத்தால அளந்தா 5 சென்ரிமீட்டர் கிட்ட வரும், அப்ப ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர். ஒரு தாளப் பின்காலுக்கு அடியில வச்சா புள்ளி 30 மில்லிமீட்டர் நகரணும். 24, 25ன்னு வந்தா 20 மில்லிமீட்டர்னு நீங்க அளந்தது பிழை, கருவி பிழை இல்ல. அடுத்து அலுமினியப் பொயில் பேப்பர் வைங்க, நாலஞ்சு மில்லிமீட்டர் நகரும். தேயிலை இலைய மட்டும் வைக்காதீங்க, கால் அமுங்கி நேரம் போகப் போக எறங்கிக்கிட்டே இருக்கும், எங்க அக்கா மகன் அத வச்சிட்டு ஒரு மணித்தியாலம் பார்த்துக்கிட்டு இருந்தான்.

புள்ளி பெருசா இருக்கே, எங்க நடுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேப்பீங்க. எப்பவும் ஒரே ஓரத்துல அளங்க, கருப்பு மட்டைத் தாள்ல ஊசித் துளை போட்டு லேசருக்கு முன்னுக்கு வச்சாலும் புள்ளி சுத்தமா வரும்.

இப்ப தலைமுடி. ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி இழுத்துப் பிடிச்சு பின்காலுக்கு அடியில விடுங்க, என் முடிக்கு 21 மில்லிமீட்டர் நகர்ந்துச்சு, அப்ப 0.07. இது சரியான்னு எப்பிடித் தெரியும்? அதே முடிய எடுத்து லேசருக்கு நேர குறுக்கப் பிடிங்க. செவுத்துல வெளிச்சம் வரிசையா சிதறும், நடுவுல பெரிய பளிச், ரெண்டு பக்கமும் இருட்டும் வெளிச்சமுமா மாறி மாறி. நடுவுல இருந்து மொதல் இருட்டுக்கு உள்ள தூரத்த அளங்க. ஒளி அலைநீளத்த செவுத்துத் தூரத்தால பெருக்கி அந்தத் தூரத்தால வகுத்தா முடித் தடிப்பு. செவப்பு லேசர் 650 நானோமீட்டர், 3 மீட்டர்ல 0.07 முடிக்கு 28 மில்லிமீட்டர் வரணும். எனக்கு 27 வந்துச்சு. ஒரு தொடர்பும் இல்லாத ரெண்டு வழியில ஒரே பதில் வந்தா அப்ப நம்பலாம், எந்தக் கருவி செஞ்சாலும் இப்பிடி இன்னொரு வழி ஒன்ன கையில வச்சுக்கோங்க.

650ன்னு லேசர் மேல எழுதினதையும் நம்ப வேணாம். சிடி ஒன்னு எடுங்க, அதுல வரிக்கு வரி 1.6 மைக்ரோமீட்டர். சிடிய செவுத்துக்குச் சமாந்தரமா 30 சென்ரிமீட்டர் தள்ளிப் பிடிச்சு லேசர நேரா அடிச்சா திரும்புற ஒளிக்குப் பக்கத்துல இன்னொரு புள்ளி 13 சென்ரிமீட்டர் தள்ளி விழும், அது 24 பாகை, 650க்குச் சரி. டிவிடியில வரி இன்னும் நெருக்கம், 0.74, அதனால 61 பாகைக்குத் தள்ளிப்போகும்.

வெடிப்பு

எங்க லயத்து பின்செவுத்துல ஒரு வெடிப்பு இருக்கு. 2014 ஒக்டோபர்ல கொஸ்லாந்த மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயத்தையே மூடினதுக்கு அப்பறம் மலையில இருக்கிற யாரும் வெடிப்ப சும்மா பார்த்துட்டுப் போறதில்ல. சரி அளப்போம்னு வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் எல் வடிவ இரும்பு ஒன்னு ஒன்னு அடிச்சு, ஒரு பக்கத்து இரும்புல ரெண்டு கால், அடுத்த பக்கத்துல ஒரு கால் வர்ற மாதிரி கண்ணாடித் தகட்ட ஸ்பிரிங்கால பிடிச்சு வச்சேன். லேசர எதிர்ப்பக்கம் ஒரு பலகையில ஸ்க்ரூ பண்ணி, தினம் காலையிலயும் அந்தியிலயும் புள்ளி எங்க விழுதுன்னு கோடு போட்டேன். மொதல் கிழமை ஒன்னும் இல்ல. அப்பறம் மழை பிடிச்சிச்சு, நாலு நாள்ல புள்ளி 40 மில்லிமீட்டர் ஏறிருச்சு. பக்கத்துக் காம்பரா அக்கா கோட்ட எட்டிப் பார்த்துட்டு சாமான் கட்டவே ஆரம்பிச்சுட்டாங்க.

வெயில் அடிச்சதும் புள்ளி திரும்பி எறங்கிச்சு. வெடிப்பு தானாவா மூடும்? அசைஞ்சது செவுரு இல்ல, லேசர் நின்ன பலகை. ஈரத்துக்கு ஊதுது, காய்ஞ்சா சுருங்குது. அக்காவுக்கு முன்னால நான் நின்ன நெலமைய எழுதத் தேவையில்ல.

இதுக்கு இரும்புல லேசர் தாங்கி செய்யலாம், செஞ்சேன், அதுவும் வெயிலுக்கு நகருது, இரும்பு 10 சென்ரிமீட்டர் நீளத்துக்கு ஒரு பாகை சூடு ஏறினா 1.2 மைக்ரோமீட்டர் நீளும். எதத்தான் வச்சாலும் அசையும்னு புரிஞ்சதுக்கு அப்பறம்தான் சரியான வழி தட்டுப்பட்டுச்சு. வெடிப்புக்குப் பக்கத்துலயே, நல்ல செவுத்துல, இன்னொரு கண்ணாடிய நேரா ஒட்டினேன். லேசர் ஒளிய சின்னக் கண்ணாடித் தட்டால ரெண்டா பிரிச்சு ஒன்ன வெடிப்புக் கண்ணாடிக்கும் ஒன்ன இந்தச் சும்மா கண்ணாடிக்கும் அனுப்பினேன். செவுத்துல இப்ப ரெண்டு புள்ளி. லேசர் சாஞ்சா ரெண்டும் சேர்ந்து நகரும், வெடிப்பு விரிஞ்சா ஒன்னு மட்டும் நகரும். அளக்குறது ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரத்த மட்டும். அடுத்த மழையில ரெண்டும் ஜோடியா ஏறி ஜோடியா எறங்கிச்சு, இடைத்தூரம் மூணு மாசத்துல ஒரு மில்லிமீட்டர் கூட மாறல.

ஒன்னு சொல்லணும், இத வச்சுக்கிட்டு உயிரப் பணயம் வைக்காதீங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டா புள்ளி அசையலயேன்னு உக்காந்திருக்காம கிளம்புங்க, மலையில புதுசா கலங்கல் தண்ணி ஊறினாலோ, மரம் சாஞ்சாலோ அப்பிடித்தான். அவசரத்துக்கு 117.

கோடு எண்ணுற கருவி

ரெண்டு ஒளிய அனுப்பி வித்தியாசத்த மட்டும் பார்க்கிறதுன்னு மேல சொன்னேன்ல, மைக்கெல்சன் செஞ்சதும் அதேதான், அவரு புள்ளிகளத் தனித்தனியா பார்க்காம ஒன்னுக்கு மேல ஒன்னு விழவச்சாரு. அப்ப அலையும் அலையும் சேர்ந்து வெளிச்சக் கோடு, இருட்டுக் கோடுன்னு விழும். ஒரு கண்ணாடி அலைநீளத்துல பாதி, அதாவது 325 நானோமீட்டர் நகர்ந்தா ஒரு கோடு நகரும்.

அடித்தளத்துக்கு எங்க அம்மாவோட அம்மிக்கல்லு, மிக்ஸி வந்ததுக்கு அப்பறம் வெளிய கிடந்துச்சு. அதுக்கு அடியில த்ரீவீல் டயர் டியூப், பாதிக் காத்து மட்டும் அடிச்சது, முழுக்க அடிச்சா ஆட்டத்த அப்பிடியே மேல தள்ளும். கல்லுல நடுவுல 45 பாகையில மெல்லிசான கண்ணாடித் தட்டு, அதுல இருந்து ரெண்டு பக்கம் பத்துப் பத்து சென்ரிமீட்டர்ல முன்பூச்சுக் கண்ணாடி ரெண்டு, அதுல ஒன்னாவது மேல சொன்ன ஸ்க்ரூ தாங்கியில. ரெண்டு கையோட நீளமும், அதாவது நடுத் தட்டுல இருந்து ஒவ்வொரு கண்ணாடிக்கும் உள்ள தூரமும், ரெண்டு மூணு மில்லிமீட்டருக்குள்ள ஒத்து வரணும், மலிவு லேசர்ல இது பிசகினா கோடே தெரியாது, நிறையப் பேர் இங்கதான் விட்டுட்டுப் போறாங்க.

நடுக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்க வேணாம், படம் மாட்டுற கண்ணாடி போதும். அது ஒரு பக்கத்துல அஞ்சு வீதம் மாதிரிதானே திருப்பும், கொஞ்ச ஒளிதான் ஒரு கைக்குப் போகும், அப்ப ரெண்டும் சமன் இல்லையேன்னு யோசிப்பீங்க. ஒரு கையில போன ஒளி மொதல்ல பட்டுத் திரும்பி பிறகு ஊடுருவி வருது, அடுத்தது மொதல்ல ஊடுருவி பிறகு பட்டுத் திரும்புது, கடைசியா திரையில ரெண்டும் சமன்தான், என்ன, மங்கலா இருக்கும், ராத்திரியில பார்த்துக்கலாம். கண்ணாடியோட பின்பக்கத்தாலயும் ஒரு புள்ளி விழும், அத கருப்புத் தாளால மறைங்க.

திரையில ரெண்டு புள்ளியும் ஒன்னா விழுற வரைக்கும் ஐஸ்கிரீம் குச்சியத் தட்டுங்க. விழுந்ததும் லேசருக்கு முன்னுக்கு டிவிடி டிரைவ்ல கழட்டின சின்ன லென்ஸ வச்சா வட்டம் விரியும், அதுக்குள்ள கோடு தெரியும். தெரியலனா லேசர பத்து நிமிஷம் சூடாக விட்டுப் பாருங்க. கோடு வந்ததும் ஒரு கைக்குப் பக்கத்துல வெரல நீட்டுங்க, தொடாதீங்க, வெரல் சூட்டுக்கே காத்து மாறி கோடு வளையும். அதப் பார்த்த அன்னைக்கு நான் ராத்திரி சாப்பிடல.

இது பழகினதுக்கு அப்பறம் கண்ணாடிக்குப் பதிலா பைனாகுலர் பிரிசம் ரெண்ட ரெண்டு கைக்கும் போட்டுப் பாருங்க. அகலப் பக்கத்துல நுழையிற ஒளி உள்ள ரெண்டு தடவ பட்டு வந்த வழிக்குச் சமாந்தரமா திரும்பும், பிரிசம் அந்தத் தளத்துல கொஞ்சம் திரும்பி இருந்தாலும் மாறாது, அதனால பாதி ஸ்க்ரூ வேல மிச்சம். இன்னொரு பக்கமும் சேர்த்து இதே மாதிரி திரும்புற மூலைப் பிரிசம் நூற 1969ல அப்பல்லோ 11ல போனவங்க சந்திரன்ல வச்சிட்டு வந்தாங்க, இன்னைக்கும் இங்க இருந்து லேசர் அடிச்சுத் தூரம் அளக்குறாங்க. நம்ம பிரிசத்துல ஒளி கொஞ்சம் பக்கமா தள்ளி வரும், ரெண்டு கையிலயும் ஒரே அளவு தள்ளி வர்ற மாதிரி பார்த்துக்கோங்க, இல்லனா புள்ளிகள் சேராது.

கோட்ட கண்ணால எண்ணினா தப்பும், ஃபோன நிறுத்தி வச்சு வீடியோ எடுத்து மெதுவா ஓடவிட்டு எண்ணுங்க. நேரம் பார்த்துப் பண்ணணும். எங்களுக்கு கீழ ஃபெக்டரி, கொழுந்து அரைக்கிற ரோலர் ஓடுற நேரம் முழுக்க கோடு வெறும் மங்கல், தகரத்துல மழை பேஞ்சாலும் அதே கதை, ரயில் போனா அஞ்சு நிமிஷம் டீ குடிக்கப் போயிரலாம். எனக்கு நல்லா வந்தது ராத்திரி ரெண்டு மணிக்கு, மிஷின் எல்லாம் நிப்பாட்டினதுக்கு அப்பறம். ஆறு நிமிஷம் கோடு செதுக்கி வச்ச மாதிரி நின்னுச்சு. அப்பறம் முன்வாசல் இஸ்தோப்புல படுத்திருந்த நாய் எந்திரிச்சு சொறிஞ்சிச்சு, வீடியோவுல எண்ணிப் பார்த்தேன், பதினோரு கோடு போயிருந்துச்சு.